ஒரே இணையைச் சேர்ந்த காலணி

பேரன்பும் பெருமதிப்பும் உடைய அண்ணா அவர்களுக்கு,

வணக்கம். "இங்கு அனைவரும் நலம்" என்று தொடங்குவதே முறை. ஆயினும் அவ்வாக்கியத்திலுள்ள "அனைவரும்" என்ற சொல்லுக்கு நான் பொறுப்பேற்க இயலாத நிலையில் இருப்பதால், நானும் என் மனைவியும் நலம், தங்கை நடமாடுகிறாள், மாப்பிள்ளை மருத்துவமனையில் இருக்கிறார் என்று பிரித்தே எழுதுகிறேன். தாங்களும் அண்ணியாரும் நலம் என்று, மறுப்பு வராதவரை, எடுத்துக்கொள்கிறேன்.

சென்ற வாரம் தொலைபேசியில், "சட்டம் படிச்ச நீ அதே ஆபீஸ்ல சட்ட அலுவலரா உக்காந்துகிட்டு, தங்கச்சி புருஷனை வாசல்ல நிக்க வெச்சிருக்கியேடா" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டீர்கள். ஆகவே பதிலை எழுத்தில் தருகிறேன். அருள்கூர்ந்து இறுதிவரை படிக்கவும்.

எங்கள் இயக்குநரைப் பார்க்க மேலிடத்திலிருந்து வந்த ஒருவர், நடைக்கூடத்தில் எதிர்ப்பட்ட கணக்குப் பிரிவு மேலாளரைக் குழாய் பழுதுபார்க்க வந்தவர் என்று எண்ணி, கழிவறையில் தண்ணீர் ஒழுகுவதைக் காட்டியிருக்கிறார். மேலாளரும் பெரியவர் சொல்லைத் தட்டக்கூடாதென்று உள்ளே போய்க் குழாயைத் திருகியிருக்கிறார். ஒழுகல் நின்றது, இயக்குநரின் மானம் போயிற்று. அன்று மாலையே உடை ஒழுங்குச் சுற்றறிக்கை ஒன்றை வரையும்படி எனக்கு உத்தரவு வந்தது. முழுக்கைச் சட்டை, கழுத்துப் பொத்தான், இடைவார் என்பவற்றில் தொல்லையில்லை. காலணியில்தான் தயங்கினேன். வெறுமனே "காலணி" என்று விட்டால், நாளைக்கு ஒருவர் குளியலறைச் செருப்போடு வந்து, இதுவும் காலணிதானே என்று வாதாடுவார். ஆகவே, "விரல்களையும் குதிகாலையும் முழுதும் மூடிய, கயிறு கட்டிய, கறுப்புத் தோலாலான, ஒரே இணையைச் சேர்ந்த" என்று வரையறுத்தேன். ஒரே இணை என்பதை யாரும் கேட்கவில்லை. எழுதுகிற வேகத்தில் வந்தது. விலக்கு வேண்டுவோர் இயக்குநர் அறைக்கு நேரில் வந்து விண்ணப்பிக்க வேண்டும் என்றும், ஆள்மாறாட்டத்தைத் தடுக்கவேண்டி, சேர்த்தேன். அலுவலகத்தில் எனக்குக் "கமா" என்று பெயர். அன்று, "கமா இந்தத் தடவ ஒரு ஓட்டைகூட விடலைப்பா" என்று பேசிக்கொண்டார்கள். அதைப் பாராட்டு என்றே கொண்டேன்.

நம் மாப்பிள்ளை பதிவறை எழுத்தர். சர்க்கரை நோயால் வலது பெருவிரலில் வந்த புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு, அகலச் செருப்பில் வேலைக்கு வந்துகொண்டிருந்தார் என்பது தாங்கள் அறிந்ததே. விதி நடைமுறைக்கு வந்த காலையில் வாயிற்காவலர் கையை நீட்டித் தடுத்தார்.

"ஷூ இல்லாம உள்ள விட முடியாது சார்."

"கால்ல புண்ணுப்பா. விலக்கு கேட்டு எழுதிக் குடுக்கத்தான் போறேன்."

"எழுதிக் குடுக்க உள்ள போகணும். உள்ள போக ஷூ வேணும். நான் என்ன சார் பண்றது?"

மாப்பிள்ளை திரும்பிப் போய் மருத்துவச் சான்று வாங்கி வந்தார். வலது காலில் மூடிய காலணி அணியக்கூடாது என்று மருத்துவர் தெளிவாகவே எழுதியிருந்தார். இடது காலைப் பற்றி அவர் எதுவும் எழுதாததால், இடது காலுக்கு விதி பொருந்தும் என்று நானே கருத்துரைத்தேன். அதன்படி மாப்பிள்ளை இடது காலில் காலணியும் வலது காலில் செருப்புமாக, மேடும் பள்ளமுமாக நடந்து வந்தார். காவலர் சுற்றறிக்கையை எடுத்து, விரல் வைத்து வாசித்து, "இது ஒரே இணையா சார்?" என்று கேட்டார். நான் வாசலுக்கு ஓடினேன். விதியை அதன் நோக்கத்தை ஒட்டிப் பொருள்கொள்ள வேண்டும் என்ற கோட்பாட்டை அவருக்கு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க எழுதினதுதானே சார்? அப்பவே இதையும் எழுதியிருக்கலாமே?" என்றார். நீதிமன்றத்தில் வாதாடிய காலத்தில்கூட எதிர்த்தரப்பு என்னை இத்தனை சுருக்கமாக முடித்ததில்லை, அண்ணா.

நான் கைகட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. திருத்தம் கோரி இயக்குநரிடம் போனேன். "ஒரு ஆளுக்காக மாத்தினா அதுக்குப் பேரு விதியா? சட்டம் படிச்சவரு, நீங்களே சொல்லுங்க" என்றார். கேள்வி சட்டம் சார்ந்ததாகிவிட்டது. "கண்டிப்பாகச் சொல்லப்போனால், இல்லை" என்றேன். அத்தோடு அது முடிந்தது. வருகைப் பதிவேடு கட்டடத்துக்குள் இருப்பதால் வாசலில் நின்ற நாளெல்லாம் வராத நாளாயிற்று. வராமைக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. நேரில் வந்து விளக்காவிட்டால் பணிநீக்கம் என்று அதில் கண்டிருந்தது. அந்த வாக்கியமும் என்னுடையதுதான். பழைய வரைவிலிருந்து எடுத்திருக்கிறார்கள். தங்கை என் வீட்டு வாசலில் நின்றபடியே, உள்ளே வா என்றும் வராமல், "ஊரான் வீட்டுக்கெல்லாம் சட்டத்துல ஓட்டை கண்டுபிடிச்சுக் குடுத்தியேண்ணா, சொந்தத் தங்கச்சி புருஷன்னதும் இப்படி ஓட்டையே இல்லாம தெச்சு வெச்சிருக்கியே! இந்த வேலையும் போச்சுன்னா அவருக்கு மருந்து யாரு வாங்குறது, நீயா?" என்று கேட்டாள். பரிசீலிக்கிறேன் என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது.

மறுநாள் மாப்பிள்ளை, எவரிடமும் சொல்லாமல், தம் அளவைவிடப் பெரிய காலணி வாங்கி, கட்டின்மேல் காலுறையை இழுத்து, அதன்மேல் காலணியை ஏற்றி, கயிற்றை இறுக்கி முடிந்துகொண்டு வந்துவிட்டார். காவலர் எழுந்து நின்று வணக்கம் வைத்தார். நடைக்கூடத்தில் இயக்குநர், "பாத்தீங்களா? மனசு வெச்சா எல்லாம் முடியும்" என்று அவர் தோளில் தட்டினார். நானும் நிம்மதியாகக் கோப்பை மூடினேன். அப்படியே நாட்கள் போயின. அந்நோயில் வலி தெரியாது என்கிறார்கள், அவருக்கும் தெரியவில்லை. பதிவறையில் பழைய தாள் மக்கும் வாடை எப்போதும் உண்டாகையால், வேறொரு வாடையை யாரும் பிரித்தறியவும் இல்லை. ஒரு மாலை காலுறை கழலாமல் ஒட்டிக்கொண்டதால், தங்கைதான் வெதுவெதுப்பாக நீர் ஊற்றி, கத்தரிக்கோலால் வெட்டி எடுத்திருக்கிறாள். அன்றே மருத்துவமனையில் சேர்த்தோம்.

இப்போதைய நிலை: மருந்து ஏறுகிறது. விரலைக் காப்பாற்றப் பார்க்கிறோம் என்கிறார் மருத்துவர். மாப்பிள்ளையின் வேலைக்கு இன்றுவரை ஊறில்லை. விலக்கு விண்ணப்பத்தை உறவினர் மூலமும் தரலாம் என்று ஒரு திருத்தத்தை வரைந்து, மேலொப்பத்துக்கு வைத்திருக்கிறேன். ஆகவே தாங்கள் பதறிப் புறப்பட்டு வரத் தேவையில்லை. அனைத்தும் உரிய வழியில் நடந்துகொண்டிருக்கிறது.

அண்ணியாருக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு என் ஆசிகளும், ஒருவருக்குரியது மற்றவருக்குப் போய்விடாதபடி, தனித்தனியே சேர்வதாகுக.

தங்கள் கீழ்ப்படிந்த தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் இரண்டு செய்திகள். இயக்குநரின் புதுக் காலணி அவர் குதிகாலைக் கடித்துக் கொப்புளமாகிவிட்டது. இன்று செருப்பில் வந்தார். பிற்பகலே, "நிர்வாக நலன் கருதி", சுற்றறிக்கை திரும்பப் பெறப்பட்டது. அதையும் நானே வரைந்தேன், ஒரே வரிதான். மாலையில் மருத்துவமனைக்குப் போனேன். விரலோடு நிற்காதாம். நாளைக் காலை கணுக்காலுக்கு மேலே எடுக்கிறார்கள். வரத் தேவையில்லை என்று மேலே எழுதியதை அடித்துவிட்டதாகக் கொள்ளுங்கள்; உடனே புறப்பட்டு வாருங்கள், அண்ணா. தொலைபேசியை எடுத்து, பாதி எண்ணை அழுத்தி, வைத்துவிட்டேன். அதனால் இதை உங்கள் ஊருக்கு வரும் பேருந்தின் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன். தங்கை என்னோடு பேசுவதில்லை. மாப்பிள்ளை பேசினார்.

"ஒத்தக் காலோட போனா உள்ள விடுவாங்களா மச்சான்?"

"விடுவாங்க மாப்பிள்ளை" என்றேன்.

எந்த விதிப்படி என்று அவர் கேட்கவில்லை.