நான்கே பதில் அறிந்த பெட்டி

சொல்லாகவும், சொல்லின் பொருளாகவும், அதைக் கேட்கும் செவியாகவும் நிற்கின்ற பரம்பொருளை முதற்கண் வணங்குகிறேன். நாவைக் கொடுத்தவன் அவன். அதற்கு ஓய்வு கொடுக்க முயன்றவன் அடியேன். பிழை யாருடையது என்பது போகப் போக விளங்கும்.

என் வீட்டின் பின்னறை, அடியேனுக்கு இம்மையிலேயே கிடைத்த வீடுபேறு. ஒரு மேசை, அதன் ஒரு பக்கம் பக்திப் பாடல் நூல்கள், மறுபக்கம் ஒயர்ச் சுருள்களும் சால்டரிங் அயர்னும். பணி ஓய்வு பெற்ற நாள்முதல் காலை ஒன்பது மணியிலிருந்து பகல் ஒரு மணிவரை அங்கேதான் வாசம்.

அந்த அறையின்மீது என் இல்லாளுக்கு மூன்றாண்டுகளாகக் கண். மாடிவீட்டுத் தையல்காரியோடு சேர்ந்து அங்கே தையல் வகுப்பு நடத்த வேண்டுமாம். கேட்கும்போதெல்லாம் "பார்க்கலாம்" என்பேன். அந்த ஒரு சொல்தான் அறையைக் காத்து நின்றது.

மற்றப் பேச்சுக்குத்தான் காவல் இல்லை. அவள் சமையலறையில் நின்றபடி பேசுவாள். கதவு சாத்தியிருந்தாலும் பேசுவாள். பாடலின் மூன்றாம் அடியில் நான் கண்ணீர் மல்கி உருகிக்கொண்டிருக்கையில், குழாய் ஒழுகும் செய்தி வந்து சேரும். "ம்" என்று சொல்லாவிட்டால் கதவு திறக்கும். கதவைத் தொடர்ந்து வாயும் திறக்கும்.

ஆகவே ஓர் உறுதி பூண்டேன். இனி என் "ம்"மை இயந்திரம் சொல்லட்டும்.

சவுண்ட் மாட்யூல் என்று ஒன்று கடையில் கிடைக்கிறது. தபால்தலை அளவே இருக்கும். விரல்நகம் போன்ற மெமரி கார்டில் குரலைப் பதிந்து செருகிவிட்டால், கட்டளை வந்ததும் ஸ்பீக்கர் வழியே அதைப் பேசும். அதை ஒரு பூந்தொட்டியில் பொருத்தி, மண் காய்ந்தால் "தண்ணீர் வேண்டும்" என்று என் குரலில் கேட்கவைத்த அனுபவம் எனக்கு உண்டு. இம்முறை தொட்டிக்குப் பதில் பெட்டி. அதில், கதவின் பக்கமே திருப்பிவைத்த ஒரு மைக். வெளியே பேச்சு நின்று இரண்டு நொடி ஆனதும் உள்ளிருந்து ஒரு பதில் ஒலிக்கும்.

நான்கு பதில்கள் பதிந்தேன். மாற்றி மாற்றிக் கலந்து ஒலிக்கச் செய்யத்தான் ஆசை. அது கைவரவில்லை. கார்டில் எந்த வரிசையில் ஏற்றினேனோ அந்த வரிசையிலேயே சுற்றிச் சுற்றி வந்தது. போகட்டும் என்று விட்டேன். குடும்பத்தில் யார் இதையெல்லாம் எண்ணிக்கொண்டிருக்கப் போகிறார்கள்?

முதல் நாள் சோதனை.

"என்னங்க, குழாய் மறுபடியும் ஒழுகுது."

"ம்," என்றது பெட்டி.

"ரெண்டு தடவை இறுக்கிப் பார்த்துட்டேன். நிக்க மாட்டேங்குது."

"அப்படியா?"

"உள்ள வாஷர் தேஞ்சிருக்கும்போல."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"இதுல எனக்குப் பல்லு வேற வலிக்குது."

"உன் இஷ்டம்போலச் செய்."

வெளியே காலடிகள் கதவுவரை வந்து, திரும்பிப் போயின. அதை மனநிறைவு என்று கொண்டேன்.

பதினொரு நாட்கள் இவ்வாறு கழிந்தன. இருநூறு பாடல்களை இடையூறின்றி ஓதினேன். கதவு ஒருமுறையும் திறக்கவில்லை. இல்லறத்தில் துறவறம் இத்தனை எளிதென்று முன்னோர் ஏன் சொல்லாமல் போனார்களோ என்றுகூட வியந்தேன்.

பன்னிரண்டாம் நாள் வெளியே இரண்டு குரல்கள் கேட்டன.

"என்னங்க, இன்னிக்கு வெயில் ஜாஸ்தி இல்ல?"

"ம்."

"மாடிவீட்டுத் தங்கச்சி வந்திருக்கா."

"அப்படியா?"

"பின்னறைதான் நல்ல வெளிச்சமா இருக்கும்னு இவகிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன்."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

என் கையிலிருந்த நூல் நழுவியது. அடுத்தது எது என்று அடியேனுக்குத் தெரியும். வாய்விட்டுத் தடுக்கலாம். தடுத்தால் ஒரே அறையில் இரண்டு கணவன்மார் பேசுவதாகிவிடும். பேட்டரியைப் பிடுங்குவதே வழி. அது பெட்டிக்குள்ளே, பெட்டிக்கு நான்கு திருகாணிகள். மூன்றைக் கழற்றினேன்.

"அப்போ அந்த அறையைத் தையல் வகுப்புக்கு எடுத்துக்கட்டுமாங்க?" அவள் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாகக் கேட்டாள்.

பெட்டியை மார்போடு அணைத்து அமுக்கினேன். என் நெஞ்சிலிருந்தே வந்ததுபோல், கனிவாக ஒலித்தது:

"உன் இஷ்டம்போலச் செய்."

நான்காம் திருகாணியும் கழன்று பேட்டரி கைக்கு வந்தபோதுதான் கதவு திறந்தது. பெட்டியை மேல்துண்டுக்குள் மறைத்தேன்.

"அக்கா சொன்னப்போ நான் நம்பவே இல்லண்ணா," என்றாள் தையல்காரி. "எவ்வளவு பெரிய மனசு உங்களுக்கு! நாளைக்கே மெஷினை இறக்கிடறேன்."

"அது... அதாவது..."

"என்னங்க?" என்றாள் இல்லாள். "நீங்க சொல்லலையா? அப்போ யார் சொன்னது?"

எண்ணிப் பார்த்தேன். சொன்னேன் என்றால் அறை போகும். பெட்டி சொன்னது என்றால், பன்னிரண்டு நாட்களாக அவள் பேசிய ஒரு சொல்லையும் நான் காதில் வாங்கவில்லை என்பது சாட்சியோடு நிரூபணமாகும். அதன்பின் அறை மட்டுமா போகும்?

"நான்தாம்மா சொன்னேன்," என்றேன்.

தையல்காரி அளவுநாடாவால் சுவரை அளந்துகொண்டு, மகிழ்ச்சியோடு மாடியேறினாள். நான் நூல்களை அடுக்கினேன். ஒயர்களைச் சுருட்டினேன். கடைசியாகத் துண்டுக்குள்ளிருந்து பெட்டியை எடுத்து மூட்டையில் வைக்கப் போனேன்.

"அதை எங்க எடுத்துக்கிட்டுப் போறீங்க?"

"எதை?"

"வச்சிருக்கீங்களே, அதைத்தான். பல்லு வலிக்குதுன்னு சொன்ன அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. அன்னிலேர்ந்து எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்."

தலை குனிந்தேன். "மன்னிச்சுடு. இப்பவே பிரிச்சுப் போட்டுடறேன்."

"ஐயையோ, பிரிச்சுடாதீங்க. முப்பது வருஷமா நீங்க ஒரே 'ம்'தான் சொன்னீங்க. அது நாலு பதில் சொல்லுது. அது இங்கேயே இருக்கட்டும். நீங்க மட்டும் அறையைக் காலி பண்ணுங்க."

இதைச் செவிமடுத்தோர் அனைவரும், துணை பேசும்போது தம் காதாலேயே கேட்கும் பேறும், உட்கார்ந்து ஓத ஓர் இடமும் பெற்று நீடூழி வாழ்க.