ஆறாவது தட்டும் அத்தாட்சி அலுவலரும்

பர்பாங்க் நகரத்துப் பெரிய ஸ்டூடியோ ஒன்றில், அயல்நாட்டுப் பேய்ப்படங்களை விலைக்கு வாங்கி ஆங்கிலத்தில் மறுபடியும் எடுப்பதற்கென்றே ஓர் இலாகா உண்டு. அந்த இலாகாவில் மூலப் படத்தைப் பார்ப்பது தண்டனைக்குரிய குற்றம்.

கேட்பதற்கு விந்தையாக இருக்கலாம். ஆயினும் காரணம் செம்மையானது. படம் வாங்கும் ஒப்பந்தத்தில் பதினோராம் பிரிவு என்று ஒன்று இருந்தது. எடுக்கப்படும் படம் மூலத்தை ஒத்திருக்குமாயின், மூல இயக்குநரின் பெயரை இலாகாத் தலைவியின் பெயருக்கு முன்பாக, அதைவிட ஓர் அங்குலம் பெரிய எழுத்தில் திரையில் காட்ட வேண்டும் என்பது அதன் வாசகம். தலைவி ரோண்டா கிம்பல் அம்மையார் எந்தப் பேய்க்கும் அஞ்சாதவர். அந்த ஓர் அங்குலத்துக்கு அஞ்சினார். பார்த்தால்தானே காப்பியடிக்கத் தோன்றும்? ஆகவே ஒருவரும் பார்க்கலாகாது என்று ஆணை பிறந்தது. ஒருவருமே பார்க்காவிட்டால், எடுத்தது ஒத்திருக்கிறதா இல்லையா என்று யார் சொல்வது என்று சட்ட ஆலோசகர் ஆர்லோ பென்ஃபீல்ட் ஐயம் எழுப்பினார். அதன் பயனாக, இலாகா முழுவதற்கும் சேர்த்து ஒரே ஒருவர் மட்டும் மூலப் படத்தைப் பார்க்கும் உரிமை பெற்றார். அவருக்கு ‘மூலம் கண்ட அத்தாட்சி அலுவலர்’ என்று பெயர். கூட்டங்களில் அமர்ந்து, ‘இது மூலத்தில் இருக்கிறதா?’ என்ற கேள்விக்கு ‘இருக்கு’ அல்லது ‘இல்லை’ என்று மட்டும் அவர் அருளிச்செய்ய வேண்டும். இருக்கு என்றால் அது நீக்கப்படும். இல்லை என்றால் அது எடுக்கப்படும்.

இந்தத் திருப்பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் டெல்மர் ப்ரூயிட். இருபத்தாறு ஆண்டுகள் நிலவறையில் பழைய பிலிம் சுருள்களைக் காத்து வந்தவர். யாருடைய ஆளும் அல்லர் என்பதே அவருடைய தகுதி.

இறைவனை அடைந்தோர் பெறும் பதவிகளைச் சாலோகம், சாமீபம், சாரூபம், சாயுச்சியம் என நான்காக வகுத்துச் சொல்வார்கள். ஸ்டூடியோவில் அவை நான்கும் வண்டி நிறுத்துமிடத்தில் அடங்கும். இருபத்தாறு ஆண்டுகள் கடைக்கோடி மைதானத்தில் வண்டியை விட்டுவிட்டு வெயிலில் நடந்து வந்த டெல்மருக்கு, ஒரே நாளில் அருகிருக்கும் பதவியாகிய சாமீபம் கிட்டியது. வாயிலுக்கு அருகே, தரையில் வெள்ளைச் சாயத்தில், ‘டெ. ப்ரூயிட்’. ஞாயிற்றுக்கிழமை மனைவி லோரெட்டாவை அழைத்துப் போய் அதைக் காட்டினார்.

‘எழுத்து நல்லாத்தான் இருக்கு,’ என்றாள் லோரெட்டா. ‘ஆனா பேய்ப்படம் பாக்கப் போறது நீங்களா? குளியலறைல சிலந்தி வந்தா என்னைத்தானே கூப்பிடுவீங்க?’

‘ரெண்டு மணி நேரம்தானே. பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்துடுவேன்.’

‘பல்லு எப்படி வேணா இருக்கட்டும். கண்ணு தொறந்திருக்கணுமே.’

அடுத்த செவ்வாய்க்கிழமை பிற்பகல், நான்காம் எண் பிரிவியூ அறையில், ‘ஆறாவது தட்டு’ என்னும் புல்கேரியப் படம் அவர் ஒருவருக்காகவே திரையிடப்பட்டது. ஒன்பது விருதுகள் பெற்ற படம். விளக்கு அணைந்தது. ஒரு வீடு தெரிந்தது. ஒரு சாப்பாட்டு மேஜை தெரிந்தது. கரண்டி ஒன்று தட்டில் மெல்ல உரசியது. அவ்வளவே. இனி வரப்போவதை எண்ணி டெல்மர் கண்களை இறுக மூடிக்கொண்டார். தொண்ணூற்று நான்காம் நிமிடத்தில், விளக்கு எரிந்த பிறகே திறந்தார். வெளியே வந்து பதிவேட்டில் ‘முழுவதும் பார்த்தேன்’ என்று கையொப்பமிட்டார். பெயர் எழுதிய இடத்தில் வண்டி நிழலில் நின்றுகொண்டிருந்தது. அதைக் கண்டதும் மனசாட்சி தலைசாய்த்து உறங்கிவிட்டது.

ஆர்லோதான் அதை எழுப்பினார். ‘நம்ம படம் முடிஞ்சதும் அதையும் நீங்க முழுசா பாக்கணும், டெல்மர். நான் பக்கத்துல உக்காந்து, நீங்க பாக்குறத பாப்பேன். பதினாலாம் பிரிவு.’

அன்று முதல் டெல்மருக்கு வாழ்வில் ஒரே ஒரு குறிக்கோள்தான் இருந்தது. கண்ணைத் திறந்துகொண்டு பார்க்கும்படியான ஒரு பேய்ப்படத்தை இந்த இலாகா எடுத்தாக வேண்டும். இல்லையேல், எல்லாம் வெளிப்பட்டு, வாயிலருகே உள்ள வெள்ளைச் சாயத்தைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள்.

முதல் கூட்டத்தில் திரைக்கதை ஆசிரியர் வயட் எழுந்து நின்றார். இதற்கு முன் ஏழு பேய்களை உருவாக்கி அனுபவப்பட்டவர்.

‘குளியல் தொட்டில தண்ணி நிறையுது. உள்ள இருந்து ஒரு கை மேல வருது.’

‘மூலத்துல கை இருக்கா?’ என்று கேட்டார் ஆர்லோ.

டெல்மர் அந்தத் தொட்டியை நினைத்தார். தம் வீட்டுத் தொட்டியையும் நினைத்தார். ‘இருக்கு.’

‘சரி, கால் வருது.’

‘இருக்கு.’

‘கண்ணே இல்லாத பொண்ணு ஒருத்தி சுவத்துல ஊர்ந்து வர்றா.’

‘இருக்கு. கூரைலயும் இருக்கு.’

‘இருக்கு, இல்லைன்னு மட்டும் சொன்னா போதும்,’ என்று ஆர்லோ கண்டித்தார்.

வயட் தாளைக் கசக்கினார். ‘இந்த புல்கேரியாக்காரங்க எனக்குன்னு ஒண்ணாவது மிச்சம் வச்சிருக்காங்களா?’

‘ஒன்பது அவார்டு சும்மாவா குடுப்பாங்க?’ என்றார் ரோண்டா. ‘ஒரே படத்துல எவ்வளவு வச்சிருக்காங்க பாரு. உனக்குத் தொட்டிய விட்டா வேற என்ன தெரியும்?’

‘அவ்வளவு நல்லா இருந்தா அந்தப் படத்தையே போட்டுடலாமே.’

‘அடியில எழுத்து ஓடுமே, வயட். நம்ம ஜனங்க பேயைக்கூட தாங்கிப்பாங்க. படிக்கச் சொன்னா தாங்க மாட்டாங்க.’

பிறகு ஒரு கூட்டத்தில், வேறு வழியின்றி, ஒரு குடும்பம் மேஜையில் சூப் அருந்தும் காட்சியை வயட் சொன்னார். டெல்மருக்கு உயிர் வந்தது. ‘இல்லை,’ என்றார். கரண்டி உரசுவது? ‘இல்லை.’ தாய் பிள்ளைகளைச் சாப்பிட அழைப்பது? ‘இல்லை.’

‘ஒரு நாய் வேணும்,’ என்றார் ரோண்டா. ‘நாய் இல்லாத வீட்டை நம்ம ஊர்ல யாரு நம்புவா?’

‘நாய் இல்லை,’ என்றார் டெல்மர், முகம் மலர்ந்து.

‘ஐஞ்சு பேர் குடும்பம், ஆறு தட்டு,’ என்றார் வயட். ‘படத்தோட பேரே அதுதான், மாத்த முடியாது. அப்ப ஆறாவது தட்டு யாருக்கு? கடைசில காட்டியாகணுமே. அழுகின முகம்?’

‘இருக்கு.’

‘எரிஞ்ச முகம்?’

‘இருக்கு.’

‘முகமே இல்லாத முகம்?’

‘இருக்கு.’

வயட் நாற்காலியில் சாய்ந்தார். ‘அப்ப யாருமே வரல. நாற்காலி காலியாவே கிடக்குது. போதுமா?’

‘இல்லை,’ என்றார் டெல்மர். ‘இல்லவே இல்லை.’

‘இதுவன்று, இதுவன்று’ என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால், கழிக்க முடியாமல் எஞ்சி நிற்பதே மெய்ப்பொருள் என்று ஞானிகள் சொல்லிப் போனார்கள். அவர்கள் காட்டுக்குச் சென்று பல பிறவிகளில் முயன்றதை, குளிரூட்டிய அறையில் நான்கு மாதங்களில் டெல்மர் செய்து முடித்தார். அறுபத்தொரு கோரங்கள் கழிந்தன. வீடும், மேஜையும், சூப்பும், நாயும், ஒரு காலி நாற்காலியும் எஞ்சின.

நார்த்ரிட்ஜ் அங்காடித் தியேட்டரில் ஒரு சனிக்கிழமை பகல் காட்சியாக, இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் படம் காட்டப்பட்டது. முடிந்ததும் அவர்கள் கருத்துச் சீட்டு எழுதித் தர வேண்டும். டெல்மர் நிம்மதியாக அமர்ந்தார். திரையில் ஐந்து பேர் சூப் அருந்தினார்கள். ஆறாவது தட்டுக்கு முன்னால் இருந்த நாற்காலியில் ஒருவரும் இல்லை. நாய் அந்த நாற்காலியை அண்ணாந்து பார்த்து, வாலை ஆட்டியது.

அரங்கில் பாப்கார்ன் மெல்லும் ஓசை நின்றுபோனது. முன் வரிசையில் மலைபோன்ற ஒருவர் தம் தொப்பியை முகத்தின்மேல் இழுத்து விட்டுக்கொண்டார். டெல்மர் ஐயத்தோடு பக்கத்தில் பார்த்தார். அவர் பார்ப்பதைப் பார்க்க வேண்டிய ஆர்லோ, கழுத்துப்பட்டையைத் தூக்கிக் கண்ணை மறைத்திருந்தார். அந்த மண்டபத்தில் கடைசிவரை திறந்திருந்தவை டெல்மரின் இரண்டு கண்கள் மட்டுமே.

சீட்டுகள் வந்தன. நூற்றுத் தொண்ணூறு பேர் ஒரே குரலில் எழுதியிருந்தார்கள்: ‘கடைசியில் வரும் அந்த முகத்தை வாழ்நாளில் மறக்க முடியாது.’

‘எந்த முகம்?’ என்று வயட் கேட்டார். அறிக்கையில் அந்தக் கேள்வி சேர்க்கப்படவில்லை.

ஒப்பந்தப்படி மூல இயக்குநருக்கும் படத்தைக் காட்டியாக வேண்டும். சோபியாவிலிருந்து ரட்கா தோனெவா வந்து இறங்கினார்; குட்டையான, நரைத்த அம்மையார். நான்காம் எண் அறையில் தனியே அமர்ந்து பார்த்துவிட்டு வெளியே வந்தார். இலாகா முழுவதும் கூடி நின்றது.

‘இது என் படம்,’ என்றார். ‘காட்சிக்குக் காட்சி என் படம். எங்களோடது அவரைக்கொட்டை சூப், உங்களோடது தக்காளி. அப்புறம் அந்த நாய். அது நல்லா இருக்கு. எனக்குத் தோணாம போச்சு.’

ரோண்டாவின் பார்வை மெல்லத் திரும்பி டெல்மர்மீது நிலைத்தது. ‘தொட்டிக்குள்ள இருந்து கை வருதுன்னீங்களே?’

டெல்மருக்குக் கண்முன் வெள்ளைச் சாயம் உரிந்தது. ‘நான் பாக்கல,’ என்றார். ‘கண்ணை மூடிட்டேன்.’

‘இன்னொரு தடவ சொல்லுங்க,’ என்றார் ஆர்லோ, பேனாவை எடுத்து. ‘மெதுவா. முழுசாவா மூடினீங்க?’

‘முழுசா.’

‘நடுவுல ஒரு தடவகூட தொறக்கல?’

‘தைரியம் வரல.’

ஆர்லோ அவரைத் தழுவிக்கொள்ளாத குறைதான். ‘ரோண்டா, நம்ம கட்டடத்துல ஒரு உயிர்கூட மூலத்த பாக்கல. பாக்காதத எப்படிக் காப்பியடிக்க முடியும்? ஒத்துப்போனது தற்செயல். தற்செயலுக்குப் பதினோராம் பிரிவு செல்லாது.’

‘அந்த ஒரு அங்குலத்த நீங்களே வச்சுக்குங்க,’ என்றார் ரட்கா.

பெயர் காப்பாற்றப்பட்டதும் ரோண்டாவுக்குப் பெருந்தன்மை பிறந்தது. ‘ஒரு குறைதான், ரட்கா. உங்க படத்துல கடைசில வர்ற அந்த முகத்த எங்களால குடுக்க முடியல.’ சுவரில் சட்டமிட்டு மாட்டியிருந்த விருதுப் பத்திரங்களின் நகல்களைக் காட்டினார். ‘எல்லா ஜூரியும் அதைத்தானே புகழ்ந்திருக்காங்க.’

ரட்கா கண்ணாடியைத் துடைத்தார். ‘என் படத்துல முகமே கிடையாது. ஆனா ஒன்பது பத்திரத்துலயும் ஒரு முகம் இருக்கு. ஒண்ணுல கண்ணு இல்ல, ஒண்ணுல வாய் இல்ல. மூணு வருஷமா ஊர் ஊரா போய்க்கிட்டு இருக்கேன், கண்ணைத் தொறந்து வச்சுக்கிட்டு அத பாத்த ஒரு ஆள் கிடைப்பாங்களான்னு.’

அறையில் எல்லாரும் ஏதேனும் ஒரு தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

‘உங்களோடத பாக்கல,’ என்றார் டெல்மர். ‘இவங்களோடத பாத்தேன். முழுசா.’

‘எப்படி இருந்தது?’

‘அந்த நாற்காலில யாராவது வந்து உக்காரக் கூடாதான்னு இருந்தது.’

ரட்கா பையிலிருந்து தம் படத்தின் வட்டு ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தார்.

படம் வெளியாயிற்று. ‘இதை உருவாக்கியோர் எவரும் மூலத்தைக் கண்டதில்லை’ என்னும் சான்று முதலில் ஓடியது. நாட்டிலுள்ள விமரிசகர்கள் யாவரும், புல்கேரியப் படத்தின் அந்த மகத்தான முகத்துக்கு முன் இது நிற்காது என்று எழுதினார்கள். டெல்மர் ‘மூலம் காணாத அத்தாட்சி அலுவலர்’ என உயர்த்தப்பட்டார். பெயர் வாயிலை நோக்கி இன்னும் மூன்று இடம் நகர்ந்தது.

ஒரு ஞாயிறு காலை, லோரெட்டாவை அருகில் இருத்திக்கொண்டு, அவர் அந்த வட்டைப் போட்டார். இருவரும் கடைசிவரை கண் திறந்தே பார்த்தார்கள். ‘நாய் இல்லாம வீடு வெறிச்சுன்னு இருக்கு,’ என்றாள் லோரெட்டா. டெல்மர் அன்று மேஜையில் ஒரு தட்டு கூடுதலாக வைத்தார். திங்கட்கிழமை நேரே சென்று பதிவேட்டில் எழுதினார்: ‘மூலப் படத்தை முழுவதும் பார்த்தேன். முகம் ஏதும் இல்லை.’

ஆர்லோ அதை இருமுறை படித்தார். ‘பாக்காதவர்ங்கிறதுக்காகத்தானே உங்களுக்கு இந்த வேலை. இப்படிப் பண்ணிட்டீங்களே, டெல்மர்.’

‘உண்மையத்தானே எழுதினேன்.’

‘அதைத்தான் சொல்றேன்.’

டெல்மர் நிலவறைக்கும் கடைக்கோடி மைதானத்துக்கும் திரும்பினார். வாயிலருகே இருந்த அவர் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டு, மூன்று தொடர்ச்சிப் படங்களுக்கு ஒப்பந்தமாகியிருந்த நாயின் பெயரை அங்கே எழுதினார்கள். நாயிடம் வண்டி இல்லை. ஆகையால் அந்த இடம் எப்பொழுதும் காலியாகவே கிடக்கிறது. காலை வேளைகளில் அதைக் கடந்து செல்லும் அதிகாரிகள் ஒவ்வொருவரும், அங்கே யாரோ வீற்றிருப்பதாகப் பாவித்துச் சற்றே குனிந்து, வாலைக் குழைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள்.