மாமாவுக்குப் பின்னாடி இருந்ததெல்லாம்

அன்னிக்கு எனக்கிருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதானுங்க. ஒரு போட்டோவுல மாமாவுக்குப் பின்னாடி இருக்கறதையெல்லாம் எடுத்துப்போட்டு, மாமாவ மட்டும் நோட்டீஸுல நிறுத்தோணும்.

எழுபதுகள்ல நடந்த சங்கதி. கொழிஞ்சாம்பாறையில சின்னதா ஒரு பிரஸ் வெச்சிருந்தேன். கால்ல மிதிக்கற மிஷின் ஒண்ணு, அதவிடச் சத்தமா என்ற வாயி ஒண்ணு. எங்கம்மா கூடப் பொறந்த வேலுச்சாமி மாமா எருத்தேன்பதி பக்கத்துல ஒரு பால் சொசைட்டியில பிரசிடெண்ட் எலெக்‌ஷனுக்கு நிக்கறாரு.

"நோட்டீஸப் பாத்து ஊரே அசரோணும்டா. அப்படி வந்துச்சுன்னா தேவகிய உனக்கே பேசி முடிச்சர்லாம்"னாரு.

தேவகி மாமா புள்ள. அவ மேல எனக்கு ரொம்ப நாளா ஆசை. அவளுக்கும் ஆசைதான்னு நானே முடிவு பண்ணி வெச்சிருந்தேன்.

மாமாகிட்ட இருந்தது ஒரே போட்டோ. ஸ்டுடியோவுல புடிச்சது. மாமா நாற்காலியில உக்காந்திருக்கறாரு. அத்தை பின்னாடி நின்னுட்டு அவரு தோள் மேல கை வெச்சிருக்கறாங்க. அதுக்கும் பின்னாடி திரையில அரண்மனை, குளம், அன்னம்.

"அரண்மனைங்க மாமா?"

"எடுத்துரு."

"அன்னம்?"

"பால் சொசைட்டியில அன்னத்துக்கு என்னடா வேலை? எடுத்துரு. நாற்காலி இருக்கட்டும். பிரசிடெண்ட் ஆகப் போறேனில்ல!"

"அத்தைங்க?"

மாமா போட்டோவ ஒருக்கா உத்துப் பாத்தாரு.

"அவளும் பின்னாடிதானடா நிக்கறா!"

இப்ப மாதிரி விரல்ல தொட்டா பின்னாடி இருக்கறது மாயமாப் போற காலமில்லீங்க. வேண்டாததுக்கு மேல வெள்ளைப் பெயிண்டு பூசி, கோயமுத்தூருக்கு அனுப்போணும். அங்க பிளாக் செய்யறவரு படத்தைத் தகட்டுல ஏத்தி, வெள்ளையா இருக்கற எடத்தையெல்லாம் செதுக்கித் தள்ளீருவாரு. அந்த எடத்துல மை படாது.

பூசினேன். அரண்மனை போச்சு. அன்னம் போச்சு. அத்தை மூஞ்சியில பூசறப்ப மட்டும், "மன்னிச்சுக்குங்க அத்தை"ன்னு வாய்விட்டுச் சொல்லீட்டேன்.

ஆனா தோள் மேல இருக்கற கை? அதைப் பூசினா மாமா தோளும் கூடவே போயிருமே! சின்னக் கைதானே, யாரு பாக்கப் போறாங்கன்னு உட்டுட்டேன்.

கோயமுத்தூர் பஸ் கண்டக்டர்கிட்டப் போட்டோவக் குடுத்து, பெரிய இவனாட்டம் சொன்னேன்: "அண்ணா, வெள்ளைன்னு ஒரு பொட்டுகூட இருக்கக் கூடாது. பூராத்தையும் எடுத்துரச் சொல்லுங்க!"

கண்டக்டர் அப்படியே சொல்லியிருக்கறாரு. பிளாக்காரரும் அப்படியே செஞ்சிருக்கறாரு. மாமா போட்டிருந்தது வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு! எங்கூர்ல எலெக்‌ஷனுக்கு நிக்கற ஆம்பளைங்க வேறென்னத்தைப் போடுவாங்க?

மொதத் தாளை அடிச்சுப் பாத்தேன். அட கெரகமே!

மேல ஒரு தலை. மீசை அருமையா வந்திருந்துச்சு. கழுத்துக்குக் கீழ ஒண்ணுமே இல்லை. காலி நாற்காலி. ரெண்டு கை அந்தரத்துல தொங்குது. அடியில ஒரு ஜோடி செருப்பு. தோள் இருக்க வேண்டிய எடத்துல, வளையல் போட்ட பொம்பளைக் கை ஒண்ணு பளிச்சுன்னு நிக்குது!

மறுநாளு ஓட்டு. வேற பிளாக்குக்கு எங்க போறது? கண்ண மூடிட்டு அடிச்சுத் தள்ளீட்டேன்.

மாமா நோட்டீஸத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"என்ற சட்டை எங்கடா?"

"வெள்ளையோட போயிருச்சுங்க மாமா."

"ஒடம்பு?"

"அது சட்டைக்குள்ளதானுங்களே இருந்துச்சு!"

அதுக்குள்ள நோட்டீஸ் ஊரெல்லாம் போயிருந்துச்சு. டீக்கடையில எதிர்க்கட்சிக்காரங்க சிரிச்சு உருண்டாங்க. "நாற்காலி காலியாத்தான் இருக்கும்னு அவரே போட்டுட்டாரப்பா!"

பொழுதோட, மாமா பிரஸ்ஸுல இருக்கறப்பவே, அத்தை வந்தாங்க. அவங்களுக்கு எழுத்துத் தெரியாது. வளையல் தெரியும்.

"இது என்ற கை. மிச்சம் நானெங்கடா?"

என்ற வீராப்பெல்லாம் அந்த நிமிசமே ஓடிப்போச்சு. மாமாவக் கை காட்டீட்டேன். "பின்னாடி இருக்கறதையெல்லாம் எடுக்கச் சொன்னாருங்க அத்தை!"

"ஓகோ. எருமை கறக்கறது நானு. பால் கொண்டுபோய் ஊத்தறது நானு. நான் பின்னாடியாங்க?"

மாமா நோட்டீஸ மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டாரு.

காலையில பால் ஊத்தற வரிசையில அத்தை ஒவ்வொரு பொம்பளைகிட்டயும் நோட்டீஸ நீட்டி, கைய மட்டும் தொட்டுக் காமிச்சாங்க. அந்தப் பொம்பளைங்கதான் சொசைட்டியில முக்காவாசி ஓட்டு. மாமா தோத்தாருன்னா சும்மா இல்லீங்க, மண்ணைக் கவ்வினாரு.

நேரா என்கிட்டத்தான் வந்தாரு. "தேவகியுமில்ல, ஒண்ணுமில்ல! இனி என்ற ஊட்டுப்பக்கம் கால வெச்சே..."

எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சுங்க.

பின்னாடியே வந்த அத்தை சொன்னாங்க: "அவன எதுக்கு வையறீங்க? உங்க பேச்சக் கேட்டும், என்ற கையவாச்சும் உட்டு வெச்சானே! புள்ள அவனுக்குத்தான்."



எங்க கல்யாணப் போட்டோ இன்னமும் செவுத்துல தொங்குது. அத்தை நாற்காலியில உக்காந்திருக்கறாங்க. மாமா பின்னாடி நிக்கறாரு, கட்டம் போட்ட சட்டையில.