அழுகாச்சி அண்ணனின் தட்டு

காலையில் ஒரு பெண்ணைச் சிரிக்க வைத்துப் படம் எடுத்து, மத்தியானம் அதே பெண்ணை அழ வைத்துப் படம் எடுத்து, இரண்டையும் இரண்டு இடத்துக்கு அனுப்பி, இரண்டு இடத்திலும் ‘அருமை’ என்று பாராட்டு வாங்கிய மனிதர் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே ஒருவர்தான். பெற்றோர் அவருக்கு நல்ல பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். கீழராஜ வீதியில் அது யாருக்கும் தெரியாது. ‘அழுகாச்சி அண்ணன் ஆபீஸ்’ என்றால் டீக்கடைக்காரர் முதல் கூரியர் கொண்டு வருகிறவர் வரை உரக்கடை மாடியைக் கை காட்டுவார்கள். அந்த மாடியில் மூன்று வருஷம் நான் வேலை பார்த்தேன்.

என்ன வேலை என்று கேட்டால்தான் சிக்கல். பெண் பார்க்கப் போன இடத்தில், கிராமத் தகவல் தொடர்பு நிறுவனத்தில் இருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். பெண்ணின் அப்பா ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, எங்கள் தெருவில் சிக்னல் சரியாகக் கிடைப்பதில்லை, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் என்றார். அந்தச் சம்பந்தம் அத்தோடு நின்றது.

விஷயம் இதுதான். கிராமங்களில் ஆடு வளர்ப்பு, சொட்டுநீர், கண்மாய் தூர்வாருதல் என்று திட்டம் நடத்துகிறவர்களுக்கு, திட்டம் வெற்றி என்று காட்டப் பளபளப்பான புத்தகம் வேண்டும். அதே கிராமங்களில் தர்ம காரியம் செய்கிறவர்களுக்கு, நன்கொடை கேட்க உருக்கமான நோட்டீஸ் வேண்டும். முதல் கூட்டத்துக்கு ஊர் செழிப்பாக இருக்க வேண்டும். இரண்டாவது கூட்டத்துக்கு அதே ஊர் நாசமாகப் போயிருக்க வேண்டும். இரண்டு கூட்டத்தையும் நம்பித்தான் எங்கள் பிழைப்பு.

அதற்குத் தகுந்தாற்போல் ஆபீஸில் இரண்டு மேசைகள். ஜன்னலோரம் இருந்தது வெற்றி மேசை. சுவரோரம் இருந்தது வேதனை மேசை. நடுவே ஒரு சுழல் நாற்காலியில் நான். ஜன்னல் பக்கம் திரும்பி ‘இன்று பழனியாயியின் முகத்தில் புன்னகை’ என்று எழுதுவேன். கையை ஊன்றி ஒரு சுற்றுச் சுற்றி, ‘பழனியாயியின் முகத்தில் புன்னகை மலர உதவுங்கள்’ என்று எழுதுவேன். ஆரம்பத்தில் கொஞ்சம் தலை சுற்றியது. பிறகு மனசாட்சிக்கும் பழகிவிட்டது.

அண்ணனிடம் செல்போனும் இரண்டு, குரலும் இரண்டு. திட்டத்துக்காரர்கள் கூப்பிட்டால் கல்யாண வீட்டுக் குரல். தர்மத்துக்காரர்கள் கூப்பிட்டால் எழவு வீட்டுக் குரல். ஒரு நாள் போனை மாற்றி எடுத்துவிட்டார். ஆடுகளைப் பற்றி விசாரித்த அதிகாரியிடம், தொண்டை கம்ம, “எல்லாம் நல்லபடியா இருக்குங்க சார்” என்றார். ஆடெல்லாம் செத்துவிட்டதோ என்று பதறி, அந்த மனிதர் ஒரு மணி நேரத்தில் கால்நடை டாக்டரோடு மாடி ஏறி வந்துவிட்டார்.

படம் எடுக்கப் போகும்போது ஸ்கூட்டரில் இரண்டு சாமான்கள் கூடவே வரும். ஒன்று பளபளக்கும் எவர்சில்வர் வாளி. அது வெற்றிக்கு. இன்னொன்று நெளிந்த அலுமினியத் தட்டு. அது வேதனைக்கு. தட்டைப் புதிதாகத்தான் வாங்கினாராம். மாடிப்படியில் உருட்டிவிட்டு, கீழே போய் எடுத்துப் பார்த்து, “இன்னும் வறுமை வரலையே” என்று மறுபடி மேலே கொண்டுவந்து உருட்டினாராம். மூன்றாவது தடவை வறுமை வந்தது என்று உரக்கடைக்காரர் சாட்சி சொல்வார். அந்தத் தட்டு பன்னிரண்டு ஊர்களில் பன்னிரண்டு குடும்பங்களின் ஒரே சொத்தாக நோட்டீஸில் வந்திருக்கிறது.

சும்மா சொல்லக் கூடாது, அவர் பட்ட பாடும் கொஞ்சமில்லை. எங்கள் பக்கத்து ஜனங்களுக்குக் கேமரா என்றால் விசேஷம். பீரோவிலிருந்து பட்டுப்புடவை இறங்கும். பிள்ளைகள் முகத்தில் பவுடர் அப்பியிருக்கும். கனகாம்பரம் வைக்காமல் ஒருத்தியும் வாசலுக்கு வர மாட்டாள். அண்ணன் வீடு வீடாகப் போய்ப் பவுடரைத் துடைப்பார், தலையைக் கலைப்பார், சோகமாக இருக்கச் சொல்லிக் கெஞ்சுவார். படம் எடுத்து முடித்ததும் அந்த வீட்டுக்காரர்கள், வந்த மனிதர்களை வெறும் வயிற்றோடு அனுப்புவதாவது என்று இலை போட்டுவிடுவார்கள். சோற்றுக்கே வழியில்லை என்று நாங்கள் படம் எடுத்த வீட்டிலேயே நாட்டுக்கோழிக் குழம்பு சாப்பிட்டுவிட்டு, ஏப்பம் விட்டுக்கொண்டு திரும்பி வருவோம்.

போகப் போக ஜனங்கள் தேறிவிட்டார்கள். அன்னவாசல் பக்கத்தில் ஒரு ஊர் உண்டு. எங்கள் இரண்டு மேசைக்குமே அந்த ஊர்தான் படியளந்தது. அங்கே ஊருக்கு வெளியே முதல் வீட்டில் ஸ்கூட்டரை நிறுத்தியதுமே பொன்னழகு என்ற அம்மாள் வாசலில் நின்று கேட்பார்:

“வாங்க சார். இன்னைக்குச் சிரிக்கணுங்களா, அழுவணுங்களா?”

பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் அண்ணன் ஒரு ஏற்பாடு செய்தார். அவர் துண்டு தோளில் கிடந்தால் சிரிப்பு. கைக்கு வந்தால் அழுகை. ஒரு வாரத்தில் ஊரே கற்றுக்கொண்டது. பள்ளிக்கூடப் பாடம்கூட அங்கே அவ்வளவு சீக்கிரம் ஏறியதில்லை.

பொன்னழகுக்கு ஆடு வளர்ப்புத் திட்டத்தில் கிடைத்த ஆடுகள் பெருகி ஏழாகியிருந்தன. வாளியோடு அவர் சிரிக்கிற படம் திட்டப் புத்தகத்தின் அட்டையிலேயே வந்தது. அவருக்கு ஒன்பது வயதில் ஒரு மகள், செல்வி. நடக்க வராது. அந்த ஊரில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்காக ஒரு டீச்சர் சின்னதாகப் பகல் பள்ளி நடத்தினார். சுற்றுப்பட்டிலிருந்து பதினோரு பிள்ளைகள். பஸ் வராத பாதை. அம்மாக்கள்தான் இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்து வருவார்கள். பொன்னழகு வீடு ஊருக்கு வெளியே, ஆட்டுக் கொட்டகையோடு, இரண்டு மைல் தள்ளி இருந்தது. பிள்ளைகள் வளர வளர அம்மாக்களால் தூக்க முடியவில்லை. பதினொன்று ஏழாகி, ஏழு நான்கானது. கோடை லீவு முடிவதற்குள் ஒரு வேன் வராவிட்டால் பள்ளியை மூடிவிடப் போவதாக டீச்சர் சொல்லிவிட்டார்.

சென்னையில் அறக்கட்டளை நடத்தும் ஓர் அம்மா வேன் வாங்கித் தரலாம் என்றார். நாங்கள் வேதனை மேசையில் நோட்டீஸ் தயாரித்து அனுப்பினோம். அதில் செல்வியை மடியில் வைத்துக்கொண்டு, நெளிந்த தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, பொன்னழகு கண் கலங்கியிருந்தார். வாசகங்கள் அடியேன் கைவண்ணம். ‘நேற்றுச் சாப்பிட்ட தாய், இன்று பிள்ளைக்காகப் பட்டினி’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன். இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

அறக்கட்டளை அம்மா நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. அதே நாளில் ஆட்டுத் திட்ட அதிகாரிகளும் வருகிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அண்ணன் அசரவில்லை. அதிகாரிகளுக்குக் காலை பத்து மணி கொடுத்தார். அம்மாவைச் சித்தன்னவாசல் ஓவியங்களைப் பார்த்துவிட்டு மூன்று மணிக்கு வரச் சொன்னார். ஓவியம் பார்க்க அரை நாளாவது ஆகும் என்பது அவர் கணக்கு. அம்மாவுக்கு அரை மணி நேரம் போதுமானதாக இருந்தது.

பத்தரைக்கு அம்மாவின் கார் பொன்னழகு வீட்டு வாசலில் வந்து நின்றபோது, அண்ணன் துண்டு தோளில் கிடந்தது. ஊர் முழுக்க அங்கே கூடிச் சிரித்துக்கொண்டிருந்தது. அதிகாரிகள் ஆடுகளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். காரைப் பார்த்ததும் அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டியது. பாவம், தன்னையறியாமல் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

அவ்வளவுதான். அத்தனை பெண்களும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விசும்ப ஆரம்பித்தார்கள். ஒரு பெரியவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். தட்டிக்கொடுத்த கையை எடுத்த அதிகாரிகள் ஆட்டையும் ஊரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அண்ணன் பயந்து துண்டைத் தோளில் போட்டார். ஊர் மறுபடி சிரித்தது. தோளிலிருந்து துண்டு நழுவ, அதைப் பிடிக்கக் கையைக் கொண்டுபோனார். பாதிப் பேர் அழ, பாதிப் பேர் அவர் முடிவு தெரியட்டும் என்று காத்திருந்தார்கள்.

அறக்கட்டளை அம்மா இதையெல்லாம் கார்க் கதவைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு அதிகாரி மரியாதைக்கு நீட்டிய திட்டப் புத்தகத்தை வாங்கி, கைப்பையிலிருந்து எங்கள் நோட்டீஸையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டிலும் பொன்னழகு. புடவைகூட ஒன்றே. இரண்டு படமும் ஒரே நாளில் எடுத்தவை.

“இதுல எதும்மா நீங்க?” என்று பொன்னழகிடம் கேட்டார்.

“ரெண்டும் நாந்தாங்க. ஆடு ஏழு இருக்கு, அதுவும் நெசம். எம்புள்ளைக்கு நடக்க வராது, அதுவும் நெசம். ஆட்டு மேல ஏத்தியாங்க அவள பள்ளிக்கொடத்துக்கு அனுப்ப முடியும்?”

“சரி, அப்ப இந்தத் தட்டு எதுக்கு?”

அதற்குப் பொன்னழகு தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை நாள் தங்கள் தலையைக் கலைத்த மனிதரைக் காட்டிக்கொடுக்க ஊரில் ஒருவருக்கும் மனசில்லை. அண்ணன் வாயைத் திறந்தார். கல்யாண வீட்டுக் குரலும் வரவில்லை, எழவு வீட்டுக் குரலும் வரவில்லை. மூன்றாவதாக ஒரு குரல் வந்தது. அதை நான் அதுவரை கேட்டதில்லை.

“தட்டு என்னோடதுங்க. அவுங்க வீட்டுல நல்ல தட்டே எட்டு இருக்கு. அழுவச் சொன்னதும் நாந்தான். என்னைய என்ன வேணும்னாலும் செய்யுங்க, வேனை மட்டும் நிறுத்திப்புடாதீங்க. அது நெசமாவே வேணும்.”

அம்மா பதில் சொல்லாமல் காரில் ஏறிவிட்டார். அதிகாரிகள் பதில் சொன்னார்கள். அடுத்த வாரமே வெற்றி மேசை வேலையெல்லாம் வேறு யாருக்கோ போயிற்று. எங்கள் வரும்படியில் பாதி அது. அண்ணன் தினமும் வேதனை மேசையின் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லீவு முடிய இருபது நாள்கூட இல்லை.

பத்தாவது நாள் அந்தப் போன் ஒலித்தது. தட்டு இல்லாமல், கண்ணீர் இல்லாமல், உள்ளதை உள்ளபடி ஒரே பக்கத்தில் எழுதி அனுப்பச் சொன்னார் அம்மா. அண்ணன் என்னைப் பார்த்து, “நீ எழுதுய்யா. நான் பக்கத்துல இருந்தா மறுபடி எதையாச்சும் சேத்துப்புடுவேன்” என்று சொல்லிவிட்டு, மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் இரண்டு மைலையும், பதினொன்று நான்கான கதையையும் எழுதினேன். படத்துக்குப் பொன்னழகு பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, செல்விக்குப் பவுடர் போட்டு, இரண்டு பேரும் தலை நிறையக் கனகாம்பரத்தோடு நின்றார்கள். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பூவைக்கூடத் தொடாமல் எடுத்தார்.

வேன் வந்தது. புதுசு இல்லை, ஆனால் ஓடுகிற வேன். பள்ளி திறந்த அன்று பதினோரு பிள்ளைகளும் அதில் வந்தார்கள். சாயங்காலம் அது பிள்ளைகளை இறக்கிவிடப் போனபோது, நாங்கள் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனோம். ஆட்டுக் கொட்டகை வாசலில் வேன் நின்றது. அக்கம்பக்கத்துப் பெண்களும் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தார்கள். செல்வி இறங்க மாட்டேன் என்று சீட்டைப் பிடித்துக்கொண்டு ஊரே கேட்கிற மாதிரி அழுதாள். அவளைப் பார்த்து உள்ளே இருந்த மற்றப் பிள்ளைகளும் அழ ஆரம்பித்தார்கள்.

எத்தனையோ ஊரில், எத்தனையோ பேரைக் கெஞ்சியும் கிடைக்காத அசல் அழுகை. நான் அவசரமாகக் கேமராவை எடுத்து நீட்டினேன்.

“உள்ள வையி. அது அவ அழுகை” என்றார் அண்ணன். சொல்லிவிட்டுத் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

கூடியிருந்த பெண்கள் பழக்க தோஷத்தில் முந்தானையைத் தேடினார்கள். பொன்னழகு அவர்களைக் கையமர்த்திவிட்டு, கிட்டே வந்து மெதுவாகக் கேட்டார்.

“சார், இப்ப நாங்க அழுவணுங்களா?”

“ஒங்க இஷ்டம்மா” என்று துண்டுக்குள்ளிருந்து பதில் வந்தது.

அன்றைக்குப் புதுக்கோட்டை வரை ஸ்கூட்டரை நான்தான் ஓட்டினேன். அவர் துண்டை இறக்குகிற வரைக்கும் ஊர் வந்துவிடக் கூடாது என்று, ரொம்ப மெதுவாகவே ஓட்டினேன்.