பொட்டு வைத்த பந்து

இனிமேல் ஞாயிற்றுக்கிழமை தன்னுடையது என்று கிரிதரன் முடிவெடுத்தார். ஐம்பதைத் தாண்டிய ஒரு குடும்பஸ்தர் எடுக்கக்கூடிய மிகப் பெரிய முடிவு அது. மனைவி மலர்விழியின் காதில் விழாதபடி, காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு எடுத்த முடிவு.

காரணம், மலர்விழியின் அண்ணன் ரெங்கசாமி. பூச்சோங்கில் வீடு. ஞாயிறு தவறாமல் கிள்ளானிலிருந்து மனைவியை அங்கே அழைத்துப் போயாக வேண்டும். மச்சானுக்கு எப்போதோ பித்தப்பையில் கல் எடுத்தார்கள். டாக்டர் ஒரு மணி நேரத்தில் எடுத்த கல்லை, மச்சான் வருஷக்கணக்காக எடுத்துக்கொண்டிருந்தார். வாரா வாரம் கல் வேறு வளர்ந்தது. முதலில் கடலைப் பருப்பளவு இருந்தது, இப்போது கோழிமுட்டையை நெருங்கிவிட்டது. கேட்டுக் கேட்டுக் கிரிதரனுக்கே வலப்பக்கம் வலித்தது.

தப்பிக்க அவர் கண்டுபிடித்த வழி கோல்ஃப். துறைமுக ஆபீஸில் கூட வேலை பார்ப்பவரிடமிருந்து ஒரு பழைய கோல்ஃப் மட்டை செட்டை வாங்கி வந்தார். அடிக்கத் தெரிந்தது. அடித்த பந்து எங்கே போகிறது என்பதுதான் தெரியவில்லை.

மலர்விழி கோபப்படவில்லை. குடை, சாவி, மூக்குக்கண்ணாடி என்று அவர் இதுவரை தொலைத்ததையெல்லாம் நிதானமாகச் சொல்லிவிட்டு, "இத்தனூண்டு பந்த வச்சு என்னங்க செய்யப் போறீங்க?" என்றாள். கிரிதரனுக்கு ரோஷம் வந்தது. வரும் விடுமுறைக்கு ரிசார்ட் போகலாம், அங்கேயே ஆடிக் காட்டுகிறேன் என்றார்.

ரிசார்ட், கிள்ளானுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பந்திங்கில் என்று தெரிந்ததும் அவள் முகம் மாறியது.

"ஊர்ல உள்ளவங்க லீவுக்கு லங்காவித் தீவுக்குப் போறாங்க. நமக்குப் பந்திங்கா?"

"ரிசார்ட்லா மலரு. ஸ்விம்மிங் பூல் எல்லாம் இருக்கு."

விடுமுறையில் புறப்பட்டு, வழியில் தெலுக் பங்லிமா காராங் ஊரின் தொழிற்சாலைகளையும் லோரிகளையும் தாண்டிப் போகும்போதே பந்தயம் பேசி முடிந்தது. ஒன்பது குழி, ஒரே பந்து. தொலைக்காமல் முடித்தால் ஞாயிறு அவருக்கு. தொலைத்தால் ஞாயிறும் அவளுக்கு, செட்டும் அவளுக்கு. அதே பந்துதான் என்று எப்படித் தெரியும் என்று மலர்விழி கேட்டாள். கேட்டுவிட்டு அவளே வழியும் சொன்னாள்.

வீட்டுக்கு எது புதிதாக வந்தாலும் சந்தனம் குங்குமம் வைப்பது அவள் வழக்கம். ரைஸ் குக்கர், வாஷிங் மெஷின், ஏர்கோன் ரிமோட் எல்லாம் பொட்டோடுதான் உத்தியோகத்தில் சேர்ந்தன. மறுநாள் காலை ரிசார்ட் அறையில் பந்துக்கும் பொட்டு வைத்து, கண்ணில் ஒற்றி, அவர் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

கிரிதரனுக்கு மூளை மின்னியது. சந்தனமும் குங்குமச் சிமிழும் மேசைமேலேயே இருந்தன. பையிலிருந்த மற்றப் பந்துகளுக்கெல்லாம் அவசர அவசரமாகப் பொட்டு வைத்து, வெள்ளைக் கால்சட்டையின் இரண்டு பைகளிலும் திணித்துக்கொண்டார். இருபத்தைந்து வருஷத் தாம்பத்தியத்தில் முதல்முறையாக மனைவியை ஜெயிக்கப்போகிறோம் என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கியது.

பகி என்கிற மின்வண்டியை மலர்விழி ஓட்டினாள். மடியில் கைப்பை, கையில் முறுக்குப் பொட்டலம். முதல் குழி எப்படியோ முடிந்தது. இரண்டாவதில் அவர் வீசிய வீச்சுக்குப் பந்து நேராக செம்பனைத் தோட்டத்துக்குள் போய், எதன் மேலோ மோதும் சத்தம் கேட்டது. கிரிதரன் பதறாமல் உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்துத் தலையில் காய்ந்த ஓலையோடு, கையில் பந்தோடு வந்தார்.

"கிடைச்சிருச்சு."

"பரவாயில்லயே," என்று மலர்விழி முறுக்கைக் கடித்தாள்.

அதன் பிறகு அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. பந்து புதருக்குள் போனது, கிடைத்தது. சாக்கடைக்குள் போனது, கிடைத்தது. ஒவ்வொரு முறையும் தேடுவதுபோல் காட்டுவதற்காகவாவது உள்ளே போய் வர வேண்டியிருந்ததால், முள் கிழித்து, எறும்பு கடித்து, சட்டை தொப்பலாக நனைந்தது. வியர்வையில் பைக்குள்ளிருந்த பந்துகளின் குங்குமம் கொஞ்சம் கரைந்து கால்சட்டையில் இரண்டு பக்கமும் சிவப்பாக இறங்கியது. எதிரே வந்த சீன அங்கிள் ஒருவர் வண்டியை நிறுத்தி, ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா என்று விசாரித்தார். காலையில் சாப்பிட்ட நாசி லெமாக் சோற்றின் மிளகாய்ச் சம்பல் சிந்திவிட்டது என்று கிரிதரன் சமாளித்தார். மலர்விழி போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை என்று நினைத்தார்.

கடைசிக் குழிக்கு முன்னால் பந்து குளத்தில் விழுந்தது. இவர் முழங்காலளவு தண்ணீரில் இறங்கித் துழாவி, பந்தோடு கரையேறினார்.

"தண்ணில விழுந்தும் பொட்டு அழியலயே?" என்றாள்.

"அம்மன் குங்குமம்லா," என்றார் பக்தியோடு.

கடைசித் தட்டலில் பந்து குழிக்குள் இறங்கியது. கிரிதரன் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். பூச்சோங் கண்ணிலிருந்து மறைந்துகொண்டிருந்தது.

"பாத்துக்க மலரு. அதே பந்து."

அவள் வாங்கிப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு கைப்பையைத் திறந்து, அதற்குள்ளிருந்து இன்னொரு பந்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். அதிலும் பொட்டு இருந்தது, பாதி அழிந்து, ஒரு பக்கம் செம்பனைப் பட்டையின் கறையோடு.

"அப்ப இது யாரு?"

ரெண்டாவது குழியில் மரத்தில் பட்டுத் தெறித்துத் தன் காலடிக்கே உருண்டு வந்தது என்றாள் அவள்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"நடங்க நடங்கன்னு டாக்டர் சொல்லி நீங்க என்னிக்குக் கேட்டீங்க? இன்னிக்குத்தான் நடந்தீங்க. அதை ஏன் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

குளத்துத் தண்ணீர் காலிலிருந்த சப்பாத்துக்குள் சளக் சளக்கென்றது. கடைசி முயற்சியாகக் கிரிதரன் குரலைத் தாழ்த்தினார். ஞாயிறு போனால் போகட்டும், செட்டை மட்டும் விட்டுவிடு, எப்போதாவது ஒரு நாளாவது இந்தப் புல்லில் கால் வைக்கிறேன் என்று கெஞ்சினார்.

மலர்விழிக்கு இரக்கம் வந்துவிட்டது. பகியில் தன் பக்கத்தில் இடம் விட்டு உட்காரச் சொன்னாள். முறுக்கும் கொடுத்தாள்.

"எப்பவாச்சும் எதுக்கு? வாரா வாரம் வாங்க. செட்ட அண்ணனுக்குக் குடுக்கிறேன்னு போன்லயே சொல்லிட்டேன். ஆடும்போது பைய தூக்கிட்டுக் கூடவே நடக்க, பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் வேணுமாம்."