சிக்னலில் நிற்க வைத்த சீர்திருத்தம்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு நீண்ட ஓய்வு. மூன்றாவது மகத்தான கண்டுபிடிப்பு தாம்பரத்தில், ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், எங்களால் நிகழ்த்தப்பட்டது. 'தென்புறநகர்ப் போக்குவரத்துத் தண்டனைச் சீர்திருத்தக் குழு' என்ற பெயரை வரலாறு குறித்துக்கொள்ளட்டும். அதன் செயலாளர் நான், சுந்தர்சிங். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளைப் பெஞ்சின் மேல் ஏற்றி நாட்டை உயர்த்தியவன்.

தலைவர் ஷ்யாம்சுந்தர், நாவலூரில் ஐ.டி. கம்பெனி அதிகாரி. அவருடைய காரின் பேரில் பதினோரு அபராதச் சலான் நிலுவையில் இருந்தது. அனுபவஸ்தர் தலைவராக இருப்பதுதானே முறை? முதல் தீர்மானம்: உறுப்பினர்களின் சலான்கள் 'ஆய்வுப் பொருள்' என்பதால் அவற்றை யாரும் வசூலிக்கலாகாது. ஒருமனதாக நிறைவேறியது. வடை வந்தது.

அடுத்து, 'பாதிக்கப்பட்டோர் பிரதிநிதி'யாகச் செல்வம்மாளை அழைத்தோம். கேளம்பாக்கத்து மீன்காரி. மொபெட்டில் கோவளம் கரைக்குப் போய் மீன் எடுத்து, வீடு வீடாக விற்பவர். ஒருநாள் நாற்பது அடி தூரம் ராங் ரூட்டில் வந்துவிட்டார். முறையாகத் திரும்ப வேண்டிய இடம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அபராதம் போட்டார்கள். கட்டத் தாமதமானதால் கூடுதல் கட்டணம். கூடுதல் கட்டணம் தாமதமானதால் இன்னொரு கூடுதல் கட்டணம். கடைசியில் லைசென்ஸையே முடக்கிவிட்டார்கள்.

"இன்னா சார் நாயம் இது? வண்டி ஓட்னாதான் காசு. காசு கட்னாதான் லைசென்ஸு. லைசென்ஸு இருந்தாதான் வண்டி. நான் எங்கேந்து சார் ஆரம்பிக்கிறது?"

"எக்ஸலண்ட் ஃபீட்பேக்!" என்று ஷ்யாம்சுந்தர் குறித்துக்கொண்டார்.

"கரையில அஞ்சு மணிக்கு ஏலம் சார். வண்டி இருந்தா வஞ்சிரம் எடுப்பேன். இப்ப அத்த இத்தப் புடிச்சு நான் போறதுக்குள்ள, மத்தவங்க கழிச்சுப் போட்ட பொடி மீனு, காரப்பொடிதான் கீது. வாடிக்கை வூடெல்லாம் வேற ஆள் புடிச்சிகினாங்க."

என் மனம் இளகியது. எழுந்தேன். "பணம் பறிப்பது காட்டுமிராண்டித்தனம். வகுப்புக்கு வெளியே நிற்க வைப்பதே நாகரிகம்" என்றேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. போக்குவரத்துப் போலீசும் இதைச் 'சோதனைத் திட்டம்' என்று ஏற்றுக்கொண்டு, செல்வம்மாளின் லைசென்ஸை என்னிடமே ஒப்படைத்தது. அபராதம், கூடுதல் கட்டணம் எல்லாம் ரத்து. அதற்குப் பதிலாகக் குற்றவாளி முப்பது நாள், காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை சிக்னலில் நிற்க வேண்டும். கழுத்தில் அட்டை: 'நான் ராங் ரூட்டில் வந்தவள்'. முப்பது நாளும் லைசென்ஸ் என் மேசை இழுப்பறையில் இருக்கும்.

"முப்பது நாள்தானே? அப்பால குடுத்துடுவீங்கல்ல?"

"வாத்தியார் சொன்னா சொன்னதுதாம்மா."

மூன்று நாள் சும்மா நின்றார். நான்காம் நாள் பக்கத்தில் மீன் கூடை இருந்தது. விளக்கம் கேட்டேன்.

"நிக்கச் சொன்னீங்க. விக்காதேன்னு சொல்லலியே சார்."

அதன்பின் நடந்ததை அற்புதம் என்றே சொல்ல வேண்டும். அந்த சிக்னலில் சிவப்பு விளக்கு அதுவரை ஓர் அலங்காரப் பொருள். இப்போது வண்டிகள் நின்றன. கோட்டுக்குப் பின்னால் நின்றன. பை எடுத்து வந்து நின்றன. சிவப்பு விழாதா என்று ஏங்கியவர்களையும் கண்டேன். ஷ்யாம்சுந்தர் திரை கட்டிப் படம் போட்டுக் காட்டினார்: சிவப்புக்கு நிற்போர் பன்னிரண்டு சதவீதத்திலிருந்து தொண்ணூற்றொன்றுக்கு உயர்வு! காரணம்: 'தண்டனையின் தார்மீகத் தாக்கம்'. நாற்பது பக்க அறிக்கையில் மீன் என்ற சொல்லே கிடையாது.

செல்வம்மாளுக்கு மட்டும் ஒரு குறை. "மீன வாங்கிகினு, பச்ச விழுந்ததும் காசு குடுக்காம ஓடிடறானுங்க சார். பேஜாரா கீது."

"பச்சையில போறது லீகல்தானேம்மா?" என்றார் ஷ்யாம்சுந்தர்.

முப்பத்தோராம் நாள் அட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். குழு அவசரமாகக் கூடியது. இவரை விடுவித்தால் தொண்ணூற்றொன்று என்ன ஆகும்? சட்டத்தின் மாண்பு என்ன ஆகும்? 'பொதுமக்கள் திருந்தும் வரை' தண்டனையை நீட்டித்தோம்.

"வாத்தியார் சொன்னா சொன்னதுதான்னு சொன்னீங்களே சார்" என்றார் செல்வம்மாள். சத்தம் போடவில்லை. என்னையே பார்த்துச் சொன்னார்.

எனக்கு நெஞ்சில் ஏதோ உறுத்தியது. வடையாக இருக்கலாம்.

நேற்று காலை அந்த வழியாக ஸ்கூட்டரில் போனேன். ஹெல்மெட் என் முழங்கையைப் பாதுகாத்துக்கொண்டிருந்தது. சிவப்பு விழுந்தது, முன்மாதிரியாக நின்றேன். அரைக் கிலோ காரப்பொடி கேட்டேன். பை இல்லாததால் ஹெல்மெட்டிலேயே வாங்கிக்கொண்டேன். பச்சை விழுந்தது.

"சார், காசு!"

"பச்சைம்மா. நிக்கக் கூடாது" என்று விளக்கைக் காட்டிவிட்டுக் கிளம்பினேன். கண்ணாடியில் பார்த்தேன். மார்பில் அட்டை ஆட நாலடி ஓடிவந்து, மூச்சு வாங்கி நின்றுவிட்டார். என்னைத் துரத்திப் பிடிக்க அவருக்கு வண்டி வேண்டும். வண்டி எடுக்க லைசென்ஸ் வேண்டும். அது என் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது.