மசகு மேதாவி

மசகு மேதாவி என்று ஓர் இனம் உண்டு. அமெரிக்காவின் வடகோடியில், எங்கள் டுலூத் நகரில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். கார் நிறுத்தும் காராஜின் கதவைத் திறந்துபோட்டு, கையில் துணியும் முகத்தில் தீர்ப்புமாக நின்றுகொண்டிருப்பார். கீச்சிடும் சைக்கிள் சங்கிலிக்கு நீங்கள் பாட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடப் போனால் போதும், "ஐயோ, அதையா போடறீங்க?" என்று எங்கிருந்தோ ஒரு குரல் வரும். அவர்தான்.

எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் ஆர்லன் லிண்ட்குவிஸ்ட். அவர் காராஜில் ஒரு சுவர் முழுக்க டப்பாக்கள். கீலுக்கு வெள்ளை லித்தியம் கிரீஸ், ரப்பருக்கு சிலிக்கான் ஸ்ப்ரே, பூட்டுக்கு கிராஃபைட் பொடி, சங்கிலிக்கு ஒன்று, அதே சங்கிலிக்கு மழைக்காலத்தில் இன்னொன்று என்று எல்லாம் மூடி திறக்காமல், பெயர் தெரிய முன்பக்கம் பார்த்து நிற்கும். போடுவாரா? மாட்டார். முதலில் ஆராய வேண்டாமா? துருவை இளக்கும் ஸ்ப்ரேயைக் கீலில் அடிப்பவர்களைக் கண்டால் அவருக்கு மனசே ஆறாது. "அது மசகே இல்லீங்க, இருக்கிற மசகையும் கழுவி விட்டுடும்" என்பார். உண்மைதான். இந்த இனத்தோடு பெரிய தொல்லையே அதுதான், சொல்வதெல்லாம் சரியாகவே இருக்கும்.

இலையுதிர் காலத்திலேயே அவர் மனைவி லோர்னா சொல்லிவிட்டாள். "பனி விழறதுக்குள்ள காராஜ் கதவுக்கு அடியில இருக்கிற ரப்பர்ல எதையாவது தடவு. போன வருஷம் மாதிரி தரையோட ஒட்டிக்கப் போவுது."

"எதையாவதா? சிலிக்கான்தான் போடணும் லோர்னா. எந்த சிலிக்கான்னுதான் பாத்துட்டிருக்கேன்."

பார்த்தார். இலையெல்லாம் கொட்டியது, ஏரி உறைந்தது, கிறிஸ்துமஸ் வந்து போனது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஜனவரியில் லோர்னாவுக்கு நேர்காணல் வந்தது. நகர நூலகத்தின் தலைமைப் பதவி, வருஷக்கணக்காக அவள் காத்திருந்த வேலை. முதல்நாள் உருகிய பனி இரவில் மறுபடி உறைந்திருந்தது. காலையில் காராஜ் கதவைத் தூக்கும் பொத்தானை அழுத்தினாள். மோட்டார் முனகியது, கதவு அசையவில்லை. ரப்பர் தரையோடு கெட்டியாக ஒட்டியிருந்தது. கார் உள்ளே. சத்தம் கேட்டு நானும் பக்கத்து வீட்டு பெக்கியும் வெளியே வந்தோம்.

ஆர்லன் இரண்டு டப்பாக்களைக் கையில் வைத்துக்கொண்டு பின்பக்கத்து எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஆர்லன், எனக்கு நேரமாச்சு!"

"அவசரப்பட்டு இழுத்தா ரப்பர் கிழிஞ்சுடும்மா."

அதுவும் சரிதான். எனக்கு அவரை அந்தப் பனிக்குவியலிலேயே தள்ளிவிடலாம் போலிருந்தது.

"யோவ், நீ படிச்சு முடிக்கிறதுக்குள்ள அவ ரிட்டயரே ஆயிருவா" என்றாள் பெக்கி. "நீ வாடி லோர்னா, என் வண்டியில ஏறு."

பெக்கி தன் காராஜ் பொத்தானை அழுத்தினாள். அவள் கதவு சத்தமில்லாமல் மேலே போனது. ஆர்லனின் முகம் வெளுத்துவிட்டது.

"பெக்கி, ரப்பர்ல என்ன போட்டே?"

"பான்கேக் சட்டிக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரே. கையில அதான் கெடச்சுது."

"சமையல் எண்ணெயா? நாளடைவில ரப்பரே கெட்டுப்போயிடும்!"

"கெடட்டும்யா. இன்னிக்குத் தொறந்துச்சுல்ல?"

லோர்னாவுக்கு வேலை கிடைத்தது. அன்றிலிருந்து அவள் தன் காரைத் தெருவில்தான் நிறுத்துகிறாள். பனியைச் சுரண்டிவிட்டுக் கிளம்பிப் போகிறாள், ஆர்லனிடம் எதையும் கேட்பதில்லை. அவரோ, வெளியில் நிற்கும் காரின் கதவு ரப்பருக்கு எது உகந்தது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நமக்கும் இந்த இனத்துக்கும் சம்பந்தமில்லை என்றுதானே சிரிக்கிறீர்கள்? நல்லது. ஆனால் கீலுக்கு வெள்ளை லித்தியம் என்று நான் எழுதிய இடத்தில், 'இந்தக் குளிருக்கு அது இறுகிப்போகுமே' என்று உங்கள் உதடு லேசாக அசைந்ததா இல்லையா? அசைந்திருந்தால், எழுந்து போய் உங்கள் வீட்டு வாசற்கதவை ஒருமுறை திறந்து பாருங்கள்.

அந்தக் கீச்சுச் சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது.